கைவிட்ட சுரங்கக் கழிவும் எண்ணூர்க் கடலோரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் பள்ளிக்கூடங்களிலும் மீனவக் குப்பங்களிலும் அனல் மின் நிலையச் சாம்பல் கழிவு பற்றிப் பேசப் போனால், வரும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். கைவிட்ட சுரங்கங்களின் கழிவு எங்கேயோ கடலோரத்தைக் கெடுத்துவிட்டது என்று யாராவது செய்தி படித்திருப்பார்கள். "நம்ம எண்ணூரும் அந்த மாதிரிதானா?" என்று பேச்சு தொடங்கும். நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன், வேதியியல் ஆசிரியர். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் இரண்டு மூன்று வரிதான். சில நீளமானவை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையில் சுரங்கமே கிடையாதே, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

உலோகச் சுரங்கம் இங்கே இல்லை, சரிதான். ஆனால் வேறொரு மாநிலத்தில் வெட்டியது இங்கே வந்து சேர்கிறது. ஒடிசாவில் தால்சேர் பக்கம் எடுக்கும் நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் முதலில் கட்டப்பட்டதே அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான். இந்திய நிலக்கரியில் எரியாத கனிமம் அதிகம். 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். மின்சாரம் கம்பி வழியே நகரம் முழுக்கப் போய்விடுகிறது. சாம்பல் மட்டும் அத்திப்பட்டு, செப்பாக்கம், காட்டுக்குப்பம் பக்கமே தங்கிவிடுகிறது. பூமிக்கு அடியில் பாறையோடு பாறையாகக் கிடந்த ஆர்சனிக்கும் ஈயமும் காட்மியமும் குரோமியமும் அந்தச் சாம்பலில்தான் இருக்கின்றன. அதனால்தான் இதை நான் சுரங்கக் கழிவோடு சேர்த்துப் பேசுகிறேன்.

சுரங்கக் கழிவு என்றால் சரியாக எது?

மூன்று வகை. கனிமத்தை எட்டுவதற்காகத் தோண்டிக் குவித்த மண்ணும் உடைகல்லும் முதல் வகை. கனிமத்தைப் பிரித்தெடுத்த பிறகு மாவு மாதிரி மிஞ்சும் கசடு இரண்டாவது. தங்கச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம்தான், மற்றதெல்லாம் கசடு. குழிக்குள்ளும் சுரங்கப் பாதைக்குள்ளும் தேங்கும் நீர் மூன்றாவது. கடலோரத்துக்கு அதிகத் தொல்லை கசடும் நீரும்தான், ஏனென்றால் இரண்டுமே ஓடும்.

சுரங்கத்தை மூடிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடாதா?

பல இடங்களில் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. சுரங்கம் நடக்கும்போது இரவு பகலாகப் பம்பு ஓடி, உள்ளே ஊறும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மூடும் நாளில் பம்பும் நிற்கும். நீர் மெல்ல மெல்ல ஏறி, எல்லாப் பாதைகளையும் நிரப்பி, ஒரு நாள் எங்காவது பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கத்தில் இதுதான் நடந்தது. 1991-ல் மூடினார்கள். 1992 ஜனவரியில், ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், நாலரைக் கோடி லிட்டருக்கு மேல் அமில நீர் ஒரே மூச்சில் வெளியேறி ஃபால் ஆற்றின் கழிமுகத்துக்கு வந்தது. காட்மியம், துத்தநாகம், ஆர்சனிக், இரும்பு எல்லாம் அதில் இருந்தன. கழிமுகம் முழுக்க ஆரஞ்சு நிறம். அந்தச் சுரங்கத்தின் நீரை இன்றைக்கும் நிறுத்தாமல் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது? வெறும் கல்லும் மண்ணும்தானே?

பாறைக்குள் பைரைட் என்ற கனிமம் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது; தங்கம் மாதிரி மினுக்கும். பூமிக்குள் காற்று படாமல் இருக்கும்வரை அது சாது. வெட்டி வெளியே போட்டு, காற்றும் மழையும் பட்டால் கந்தகம் கந்தக அமிலமாகிறது. இரும்பு கரைந்து நீரோடு போகிறது. அந்த இரும்பையும் கந்தகத்தையும் உண்டு வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை வந்து சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். உண்டான அமிலம் பக்கத்துக் கல்லில் இருக்கும் செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைக்கும். கல்லை அரைத்து மாவாக்கிவிட்டதால் காற்றுபடும் பரப்பும் அதிகம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாய் துருப்பிடித்து, கீழே சுவரில் செங்காவிக் கறை இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுரங்க நீரின் ஆரஞ்சு நிறமும் அதே துருதான். ஓடையின் அடியில் படிந்து, மீன்முட்டைகளையும் புழுக்களையும் மூடி மூச்சடைக்க வைத்துவிடும்.

அப்படியானால் நம் ஊர்க் கல்குவாரிக் குட்டைகளும் ஆபத்தா?

அமில பயம் அங்கே குறைவு. பல்லாவரம், சிக்கராயபுரம் பக்கம் உடைத்தது கட்டடக் கல், அதில் பைரைட் அதிகம் இருக்காது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நாம் குடித்தோம், 2019-லும் அப்படியே. குட்டைகளில் பிள்ளைகள் குளிக்கப் போய் மூழ்குவதுதான் அங்கே உண்மையான ஆபத்து.

கடல் எவ்வளவு பெரியது! அதில் போய்க் கலந்தால் கரைந்துவிடாதா?

எல்லாக் கூட்டத்திலும் யாராவது இதைக் கேட்கிறார்கள். கழிவு கடலில் சீராகக் கலப்பதில்லை என்பதே பதில். கடல் நீர் லேசான காரத்தன்மை உள்ளது. அமில நீர் அதைத் தொட்டதும் அமிலம் தணிகிறது. ஆனால் கரைந்திருந்த உலோகங்களில் பெரும்பகுதி துகளாகி அங்கேயே, முகத்துவாரத்திலேயே, படிகிறது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளரும் இடமும் அதுதான். ஆழ்கடலுக்குப் போவதைவிட, நமக்குச் சோறு போடும் அந்தக் குறுகலான பட்டையில்தான் கழிவு சேர்கிறது.

ஸ்பெயினில் போர்ட்மன் என்ற சின்ன விரிகுடா. 1957 முதல் 1990 வரை ஈய, துத்தநாகச் சுரங்கத்தின் கசடை, சுமார் 5 கோடியே 70 லட்சம் டன், குழாய் வழியே அதில் கொட்டினார்கள். விரிகுடாவே தூர்ந்து, கரை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நகர்ந்துவிட்டது. பழைய மீன்பிடித் துறை இன்று தரையில் நிற்கிறது. சிலியில் சான்யரால் என்ற ஊரிலும் 1938 தொடங்கிப் பல பத்தாண்டுகள் செம்புச் சுரங்கக் கசடு கடலில் விழுந்தது. ஊர் மக்கள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் தடுத்து, 1990-ல்தான் நின்றது. நின்ற பிறகும் கதை முடியவில்லை. 2015 மார்ச்சில் பெருவெள்ளம் வந்தபோது ஆற்றோரம் படிந்திருந்த பழைய கசடு சேறாகி ஊருக்குள் புகுந்தது. கொட்டியது தாத்தா காலத்தில், வீட்டுக்குள் வந்தது பேரன் காலத்தில்.

எண்ணூரில் நேரில் பார்த்தால் என்ன தெரியும்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தன் படகில் கொசஸ்தலை ஆற்றில் அழைத்துப் போனார். நடு ஆற்றில் படகை நிறுத்திக் கம்பை இறக்கினார். முழங்கால் உயரம்கூட நனையவில்லை. "தம்பி, எங்க அப்பா காலத்துல இங்க ஆள் முழுகும்" என்றார். பிறகு குனிந்து அடியிலிருந்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். ஆற்றுச் சேறு கறுப்பாக இருக்கும், வாடை அடிக்கும், சிப்பித் துண்டும் புழுவும் இருக்கும். இது சாம்பல் நிறம். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழவழப்பு, வாடையே இல்லை. விரலால் கிளறிப் பார்த்தேன், ஒரு புழு இல்லை.

அதில் கொஞ்சத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து வந்து, வீட்டில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தேன். மணல் அரை நிமிஷத்தில் கீழே இறங்கியது. மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக ஒன்று மிதந்தது. அவை உள்ளே காற்றடைத்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். நிலக்கரியோடு சேர்ந்த மண் உலைச் சூட்டில் உருகிக் குளிரும்போது உண்டாகிறவை. ஆற்றில் எந்த இயற்கைச் சேறும் அப்படி மிதக்காது. அந்தப் பாட்டிலை இன்றும் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.

இது எப்படி ஆற்றுக்கு வந்தது? மின் நிலையத்தில் சாம்பலைத் தண்ணீரோடு குழைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஆற்றையும் அலையாத்திக் காட்டையும் தாண்டிப் போகின்றன. பழைய குழாய் ஓட்டையானால் ஒழுகுவது எல்லாம் ஆற்றில்தான். குளத்தின் கரை கசிந்தாலும் அப்படியே. இறால் பகலில் பதுங்க இளகிய சேறு வேண்டும். சாம்பல் படிந்த இடத்தில் அது தங்குவதில்லை. கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் இந்தக் கரையோரம் உண்டு. அவர்களுக்கு ஆற்றின் அடிதான் வயல்.

பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டுவிட்டதே?

ஆமாம். 1970-ல் ஓடத் தொடங்கியது, 2017 மார்ச்சில் நின்றது. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் கவலை மூடியதைப் பற்றியும்தான். புகைபோக்கி நின்றாலும் இத்தனை வருஷம் ஆற்றடியில் படிந்தது அங்கேயே இருக்கிறது. ஒரு ஆலை நடக்கும்போது கேள்வி கேட்க ஒரு வாசல் இருக்கும், பதில் சொல்ல ஒரு அதிகாரி இருப்பார். மூடிய பின் யாரிடம் போவது? கழிவை யார், எந்தப் பணத்தில், எத்தனை வருஷம் காவல் காப்பார்கள் என்பது ஆலை ஓடும்போதே எழுத்தில் முடிவாகிவிட வேண்டும். இதை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அங்கே கிடக்கும் சயனைட் மேடு இந்தக் கணக்கில் வருமா?

நிச்சயம் வரும். சென்னையில் தங்கவயல் குடும்பங்கள் நிறைய. பாட்டன் சுரங்கத்தில் இறங்கிய கதை பலரிடம் இருக்கும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைட் கலந்து தங்கம் பிரித்த கசடு, 3 கோடி டன்னுக்கு மேல், 13 மேடுகளாக ஊர் நடுவே நின்றுவிட்டது. காற்றடித்தால் அந்தத் தூசி சமைத்த சோற்றில் விழும் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சயனைட் வெயிலிலும் காற்றிலும் நாளாக நாளாகச் சிதைந்துவிடும். மாவான கல்தூசியும் உலோகமும் சிதையாது. 2024-ல் அந்த மேடுகளைத் திரும்பச் சலித்துத் தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது.

அந்தக் கழிவு பாலாற்றில் இறங்கி நம் கடலுக்கு வந்துவிடுமா என்றும் கேட்கிறார்கள். பாலாறு கோலார் மாவட்டம் வழியே வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைச் சேர்கிறது. நடுவே எத்தனையோ ஏரி, தடுப்பணை. வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆறு வெறும் மணல். சென்னைக் கடலை நினைத்துப் பயப்படுவதைவிட, அந்தத் தூசியைத் தினம் சுவாசிக்கும் அங்கத்திய உறவினரை நினைத்துக் கவலைப்படுவதுதான் நியாயம்.

புயல், பெருமழை வந்தால் ஏன் கூடுதல் பயம்?

சாம்பல் குளமும் கசடுக் குளமும் மண்கரை கட்டித் தேக்கியவை. உள்ளே இருப்பது பாதி சேறு, பாதி நீர். கரை ஊறினால் மொத்தமாகப் போகும். அமெரிக்காவின் டென்னசியில் கிங்ஸ்டன் என்ற இடத்தில் 2008 டிசம்பர் 22 அன்று சாம்பல் குளக் கரை சரிந்து, 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் ஆற்றிலும் வீடுகள் மேலும் கொட்டியது. பிலிப்பைன்ஸின் மரிந்தூக்கே தீவில் 1996 மார்ச் 24 அன்று நடந்தது இன்னும் பாடம். செம்பு எடுத்து முடித்த பழைய குழியில் கசடைத் தேக்கி வைத்திருந்தார்கள். அடியில் இருந்த வடிகால் சுரங்கத்தை கான்கிரீட்டால் அடைத்திருந்தார்கள். அடைப்பு விட்டது. 16 லட்சம் கன மீட்டர் கசடு போவாக் ஆற்றில் இறங்கி, கடல்வரை ஆற்றைக் கொன்றது.

நமக்கு வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியதைப் பார்த்தோம். படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. எண்ணெய் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. சாம்பல் வெள்ளத்தில் போனால் கலங்கல் தண்ணீர் என்றே நினைத்துக்கொள்வோம்.

மீன் சாப்பிடலாமா? நேராகச் சொல்லுங்கள்.

காசிமேட்டில் இறங்கும் கடல் மீனைக் கண்டு பயப்படாதீர்கள். வஞ்சிரமும் சங்கராவும் கழியின் (ஆறும் கடலும் கலக்கும் உப்பங்கழியின்) சேற்றில் வளர்வதில்லை. கவனம் வேண்டியது கழியிலேயே, அடிச்சேற்றிலேயே வாழ்பவற்றில்: மட்டி, ஆளி, சிப்பி, நண்டு. மட்டியும் ஆளியும் நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. தண்ணீரில் இருக்கும் உலோகம் அவற்றின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். நண்டில் காட்மியம் அதிகம் தங்குவது ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியில். அதைத்தான் நாம் ருசித்துச் சாப்பிடுகிறோம். சாம்பல் படிந்த இடத்து நண்டென்றால் அதை எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அங்கத்திய மட்டி, நண்டைத் தவிர்ப்பது நல்லது. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. புளி சேர்த்தாலும் போகாது.

பாதரசம் தனிக்கதை. காற்று புகாத கறுப்புச் சேற்றில் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக அடர்த்தி கூடும். கழி ஓரச் சேற்றைக் காரணமில்லாமல் கிளறக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு உறுத்தும். "எண்ணூர் மீனா, வேண்டாம்" என்று ஒரு பேச்சு பரவினால், கழிவு கொட்டியவர்களுக்கு நஷ்டம் இல்லை, கூடை சுமக்கும் அக்காவுக்குத்தான் நஷ்டம். அதனால் தயவுசெய்து பொத்தாம்பொதுவாகப் பேசாதீர்கள். எந்த இடத்தில் பிடித்தது என்று கேளுங்கள். அவர்களே உண்மையைச் சொல்வார்கள்.

சாம்பலில் செங்கல், சிமென்ட் செய்கிறார்களே?

நல்ல வழிதான், உலர்ந்த சாம்பலுக்கு. ஈரமாகிக் குளத்தில் கிடப்பதை எடுப்பது கடினம், செலவும் கூடுதல். குவிந்து கிடக்கும் பழைய சாம்பலையும் 10 ஆண்டுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்று 2021 டிசம்பர் மத்திய அரசு அறிவிக்கை சொல்கிறது. ஆற்றடியில் மணலோடும் சேற்றோடும் கலந்துவிட்டதை எந்தச் செங்கல் சூளையும் வாங்காது.

சுத்தம் செய்து மீண்ட கடலோரம் எங்காவது உண்டா?

உண்டு, பாதி வெற்றியோடு. கனடாவில் ஹோ சவுண்ட் கரையில் பிரிட்டானியா செம்புச் சுரங்கம் 1904 முதல் 1974 வரை நடந்தது. மூடி முப்பது வருஷம் அமில நீர் கடலில் விழுந்துகொண்டே இருந்தது. 2005-ல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதன் பிறகு சால்மன் மீன் திரும்ப வந்தது. அந்த நிலையம் இனி எப்போதும் ஓடவேண்டும், நிறுத்த முடியாது. இங்கிலாந்தில் டர்ஹாம் கடற்கரையில் நூறு வருஷத்துக்கு மேல் நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டி மணலே கறுத்துக் கிடந்தது. 1993-ல் கொட்டுவது நின்றது. 1997 முதல் 2002 வரை 13 லட்சம் டன்னை அள்ளினார்கள், மிச்சத்தை அலை பார்த்துக்கொண்டது. இன்று மக்கள் நடைப்பயிற்சி போகிறார்கள். நிறுத்துவது முதல் வேலை, அள்ளுவது இரண்டாவது. நிறுத்தாமல் அள்ளினால் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கனிமச் சுரங்கங்களை மூடும் திட்டத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்ற விதி 2003-ல் வந்தது. தங்கவயல் மூடி இரண்டு வருஷம் கழித்து. நிலக்கரிச் சுரங்கங்களுக்கான நெறிமுறை 2009-ல் வந்தது, அதற்குப் பணம் ஒதுக்கி வைக்கவும் சொல்கிறது. சாம்பலைக் கொட்டி நிலம் மேடாக்குவதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011, தடை செய்தது. எண்ணூர் சாம்பல் வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றி ஆற்றை மீட்க உத்தரவிட்டது. அதற்குப் பின்னால் இருப்பது காட்டுக்குப்பத்து மீனவர்கள் வருஷக்கணக்கில் நடந்த நடை.

குழாய் ஒழுகுவதைப் பார்த்தால் நான் என்ன செய்வது?

முதலில் போனில் படம், வீடியோ எடுங்கள். தேதி, நேரம், இடம் பதிவாகட்டும். பக்கத்தில் இருக்கும் மின்கம்பம் எண்ணோ பாலமோ படத்தில் தெரிந்தால் "அது எங்கள் இடம் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை கட்டாயம் வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: என் புகார் எந்தத் தேதியில் யாரிடம் போனது, மாதிரி எடுத்தார்களா, முடிவு என்ன. கேள்வி குறுகலாக இருக்கட்டும்.

சாம்பல் தண்ணீரைக் கையால் தொட வேண்டாம். சில சமயம் சூடாக இருக்கும், காரத்தன்மையும் உண்டு. மாதிரி எடுத்தால் மூடி இறுக்கமான பாட்டிலில் எடுத்து, மேலே தேதியும் இடமும் எழுதிய காகிதத்தை ஒட்டி வையுங்கள். என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அன்றைக்கு நான் தேதி எழுதவில்லை. அதனால் அது வகுப்பில் காட்டத்தான் உதவுகிறது, சாட்சியாக அல்ல.